அக்காவும் ஒரு மொட்டைக் கடிதமும்

அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டாகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களிடம் அவருடைய வாழ்க்கையைச் சொல்வதோடு, உங்களில் பலரிடம் நான் முன்பு சொன்ன ஒன்றைத் திருத்தவும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஜொகூர் மாநிலத்தில், சிம்பாங் ரெங்கம் ஊருக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா லாரி ஓட்டினார். அம்மா ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அக்கா எதையும் சொன்னவுடன் நம்பமாட்டார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததாகச் செய்தி வந்தபோதுகூட, "வேற யாரோட பேரோ இருக்கும்" என்று பஸ் ஏறிப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவர் தட்டைப்புழுக்களை ஆராய்ந்தார். ஓடைக் கற்களுக்கு அடியில் வாழும் சின்னஞ்சிறு உயிர்கள். வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளரும். சில இனங்களில் மட்டும் வால் துண்டுக்குத் தலை முளைக்காது. எந்த மரபணு அதைத் தடுக்கிறது, அதை அடக்கினால் தலை வருமா என்பதே அக்காவின் கேள்வி. ஒருநாள் தலை வந்தது, கண்களோடு. கட்டுரை வெளியானது. தெப்ராவில் இருந்த எங்கள் வீட்டில் பிரியாணி போட்டுக் கொண்டாடினோம். அக்கா மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.

சில மாதங்களில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. ஆய்வுக்குப் புழு வளர்த்த தொட்டியில் இரண்டு இனப் புழுக்கள் கலந்திருக்கலாம், தலை முளைத்தவை இயல்பாகவே முளைக்கும் இனமாக இருக்கலாம், விசாரியுங்கள் என்று. அக்கா பொய் முடிவு காட்டிவிட்டார் என்ற பேச்சு கிளம்பியது.

அந்தத் தொட்டியைப் பராமரித்தவர்கள் இருவர்தான்: அக்காவும், ஆய்வுக்கூட உதவியாளர் சுமதியும். தன்னைத் தானே யாராவது காட்டிக்கொடுப்பார்களா? சுமதிதான் என்று முடிவு கட்டினேன். என்னைக் கண்டால் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டதும் எனக்குச் சாட்சியாயிற்று. விசாரித்த உறவினர்களிடமெல்லாம் அவர் பெயரைச் சொன்னேன். "அவளப் பத்தி பேசாத" என்று அக்கா ஒருமுறை அதட்டினார். அது அவருடைய பெருந்தன்மை என்று நினைத்தேன்.

புழுக்கள் கலந்திருந்தது உண்மை, மோசடி ஏதும் இல்லை என்று விசாரணையில் முடிவாயிற்று. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அக்கா ஒவ்வொரு புழுவையும் தனிக் கிண்ணத்தில் வளர்த்து முதலிலிருந்து தொடங்கினார். ஆண்டுகள் ஆயின. அந்த மரபணுவை அடக்கியபோது, உடலின் நடுப்பகுதிக்கு அருகே வெட்டிய வால் துண்டுகளில் மட்டும் சிறிய தலை முளைத்தது. வேறோர் ஆய்வுக்கூடத்தையும் செய்து பார்க்கச் சொன்னார். அவர்களுக்கும் முளைத்தது.

பிறகு நோய் வந்தது. புற்றுநோய் என்று அறிக்கை சொன்னபோது, "சாம்பிள் மாறியிருக்கும், இன்னொரு தடவ பாக்கச் சொல்லு" என்றார். மாறவில்லை.

அக்கா படுக்கையில் இருந்த வாரங்களில் சுமதி கஞ்சி எடுத்துக்கொண்டு வருவார். நான் கேட்டைத் திறக்காமலே, "தூங்குறாங்க" என்று திருப்பி அனுப்புவேன். அக்கா கேட்டால், "வரலக்கா" என்பேன்.

ஒரு மதியம் மறுபடி கேட்டார்.

"லெட்டர் போட்டவ எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு வருவா?" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். "லெட்டர் போட்டது நான்."

"என்னக்கா சொல்றீங்க?"

"புழு கலந்திருச்சோன்னு டவுட்டா இருந்துச்சு. எங்க லேப் தலைவர்கிட்ட சொன்னேன். பேப்பர்தான் வந்துருச்சே, விடுன்னுட்டாரு. பேர் போட்டு எழுதுனா அவரு மேசையிலயே நின்னுரும் லா. சுமதிக்குத் தெரியும். வெளிய சொல்லாதன்னு சத்தியம் வாங்குனேன். பழி அவமேல விழும்னு நெனைக்கல. அது என் தப்பு. அவ நெசமாவே வரலியா?" என்றார்.

நான் உண்மையைச் சொன்னேன். அக்கா கண்களை மூடிக்கொண்டார். பிறகு, "போன் பண்ணு" என்றார்.

அன்று மாலையே சுமதி வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "மொதல்ல அவங்களப் பாத்துக்கிறேங்க்கா" என்று உள்ளே போய்விட்டார். இருவரும் இருட்டும்வரை புழுக்களைப் பற்றியே பேசினார்கள். நான்காம் நாள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

அக்காவைக் கவனித்த தாதியருக்கும், செபம் சொல்ல வந்த பங்கு மக்களுக்கும், தூரத்திலிருந்து வந்து தோள்கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் பேச்சை நம்பி சுமதியிடம் முகம் திருப்பிக்கொண்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். இன்று அவர் கோயிலில் எங்களோடு முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். திருப்பலி முடிந்ததும் தயவுசெய்து அவரிடம் போய்ப் பேசுங்கள்.