கூரைமேல் நின்றவர் பார்க்காத விண்கலம்

ஊர் நினைவுகளைச் சேகரிக்கும் ஐயா, அம்மா, வணக்கம்.

விண்வெளித் தொடர்களுக்கு எந்தச் செயலியில் சந்தா கட்டலாம் என்று மகள் நேற்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்றில், விண்கலத்தில் போனவர்கள் வீடு திரும்ப வழி தேடும், சிறுவயதில் நான் பாதியில் விட்ட தொடரின் இசை ஒலித்தது. அந்த இசையோடு எங்கள் நாகலூர் வீட்டின் ஈரத்தகர வாசனையும் வந்தது.

மூடுபனியில் ஆன்டெனாவைக் கையால் பிடித்திருந்தால்தான் படம் தெரியும். அப்பா சாக்கைப் போர்த்திக்கொண்டு, அன்றைய பகுதி முடியும்வரை தகரக்கூரைமேல் பிடித்து நிற்பார். இறங்கியதும், "ஏங்கண்ணு, அவிங்க ஊடு சேந்துட்டாங்களா?" என்பார்.

"இன்னும் இல்லீங்கப்பா."

"மேல நிக்கிற என்ற கண்ணுலயும் படலையே சாமி."

தொடர் முடியுமுன்பே அப்பா காலமானார். பிறகு அதை நாங்கள் பார்க்கவில்லை.

நேற்று அச்செயலி இலவசமாகக் காட்டிய கடைசிப் பகுதியில் அவர்கள் பூமிக்குத் திரும்பினர். "சேந்துட்டாங்கப்பா" என்றேன். மகள் திரும்பிப் பார்த்தாள். அந்தச் செயலிக்கே சந்தா கட்டச் சொன்னேன்.

இக்குறிப்பை அருள்கூர்ந்து பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.