நடமாடும் அடுப்பும் குளிர் அறைப் பூவும்

ஃபிட்டரின் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் ஒரே ஒரு பூதான் காரணம். குளிர் அறையில் வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் அந்த மலைச்செடியை அவருடைய அக்கா பார்த்திருக்கிறாள். அப்பா பார்த்திருக்கிறார். தணிக்கைக்கு வந்த ஆபீசர்கூடப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அறைக்குக் குளிர் கொண்டுபோகும் குழாய்களைச் சுவருக்கு வெளியே படுத்தும் புரண்டும் பழுது பார்க்கிற ஃபிட்டருக்கு மட்டும் பூக்கிற நாளில் உள்ளே அனுமதி கிடையாது. உத்தரவு போட்டவர் வெளியாளாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார். அக்கா புருஷனாயிற்றே, என்ன செய்வது?

அத்தானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவர் சீதோஷ்ணம். பொதுத் தோட்டத்தின் மூன்று கண்ணாடி அறைகள் அவர் கையில். முதலாவது மழைக்காட்டு அறை. கதவைத் திறந்ததும் வெந்நீர்த் துண்டை முகத்தில் போட்டதுபோல இருக்கும். மரப்பட்டைகளில் கட்டிய ஆர்கிட்கள் வேரைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு சொகுசாகப் பூத்திருக்கும். பெரிய இலைகளை அத்தான் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார், பிள்ளைக்கு முகம் கழுவுகிற மாதிரி. அடுத்தது பாலை அறை. அங்கே தொட்டியைத் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர். கள்ளியின் கழுத்தில் ஒரு சொட்டு பட்டாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. கடைசியில் குளிர் அறை. சரளைக்கல் நடுவே, பச்சை மெத்தை போல ஒட்டிக் கிடக்கும் மலைச்செடி. வேர் குளிரில் இருக்க வேண்டும், தலை வெளிச்சத்தில் இருக்க வேண்டும், இலை நனையக் கூடாது. மாமியார்கூட இத்தனை நிபந்தனை போட மாட்டாள்.

ஒவ்வொரு கதவருகேயும் ஓர் ஆணி. ஒன்றில் துண்டு, ஒன்றில் தொப்பி, ஒன்றில் ஸ்வெட்டர். அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு மழைக்காட்டில் ஸ்வெட்டரோடு வெந்து நிற்பதும் உண்டு.

வீட்டிலும் மனிதர் விடமாட்டார். "உங்க அக்கா அரை நிழல் ஜாதி மாப்ளே" என்று பெண்டாட்டியின் நாற்காலியை ஜன்னலிலிருந்து நகர்த்துவார். மாமனார் பெரியவர் தூங்கும்போது, அவருடைய நாற்காலியை நாளுக்குக் கால் வட்டம் திருப்பி வைப்பார். இல்லாவிட்டால் வெளிச்சத்தின் பக்கமாகவே சாய்ந்துவிடுவாராம். கண் விழித்தால் எதிரே சுவர். பெரியவர் கத்துவார். அத்தான் "தளிர்ப்பா இருக்கார்" என்பார்.

ஃபிட்டருக்கு அவர் கொடுத்த பட்டம்தான் கொடுமை. "மாப்ளே, நீங்க நடமாடும் அடுப்பு. உடம்பும் பெருசு, கோபமும் பெருசு. நீங்க உள்ள போனா குளிர் இறங்கிடும். பூ ரெண்டே நாள்ல வாடிடும்."

"ஆபீசர் போனாரே?"

"அவர் உடம்புல எங்க ரத்தம் ஓடுது?"

அப்படிச் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் போய்விட்டன. ஃபிட்டர் வெளியே நின்று கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்ப்பார். அவர் மூச்சே திரை போட்டுவிடும்.

இப்படி இருக்கையில் ஒரு குளிர்காலக் காலையில் மழைக்காட்டு அறையின் பாய்லர் படுத்துவிட்டது. அதுவும் எப்போது? கருணைக்கிழங்குக்குச் சித்தப்பா முறையான ஒரு காட்டுக்கிழங்கு, அத்தான் விதையிலிருந்து வளர்த்தது, முதல் முறையாக மொட்டு விட்டு ஆளுயரம் நிற்கிறது. அன்று சாயங்காலம் விரிய வேண்டும். குளிர் தாக்கினால் விரியாமலே அழுகிவிடும். அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெறவும் நாள் நெருங்கிவிட்டது. இன்னொரு மொட்டு வரும்வரை அவர் அங்கே இருக்கப் போவதில்லை.

ஃபிட்டர் பாய்லரைக் கழற்றிப் பார்த்தார். "வால்வு போச்சு அத்தான். புதுசுதான் போடணும்." அக்காவுக்குப் போன் போட்டார்கள். ஸ்கூட்டரில் போய் வாங்கி வருகிறேன் என்றாள். கடையோ ஊரின் மறுகோடியில்.

வெப்பமானியின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அத்தான் முதலில் தன் ஸ்வெட்டரை மொட்டுக்குப் போர்த்தினார். பிறகு திரும்பி ஃபிட்டரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையே சரியில்லை.

"மாப்ளே, அது பக்கத்துல கொஞ்சம் உட்காருங்களேன்."

"என்னது?"

"வால்வு வர்ற வரைக்கும்தான்."

வேறு வழியில்லாமல் ஃபிட்டர் தொட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இருவரையும் சேர்த்து அத்தான் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினார். வெப்பமானியை மட்டும் தன் பக்கம் தெரிகிற மாதிரி உள்ளே தொங்கவிட்டார்.

"சூடு பத்தலை மாப்ளே."

"நான் என்ன செய்ய? மூச்சு விட்டுக்கிட்டுதானே இருக்கேன்!"

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "நம்ம வீட்டுச் சமையலறைக் குழாய் போட்டது யாரு?"

"நான்தான்."

"இன்னும் சொட்டுது."

"வாஷர் தேஞ்சிருக்கும்."

"ஊருக்கெல்லாம் முழு ஃபிட்டர், அக்கா வீட்டுக்கு மட்டும் அரை ஃபிட்டர்."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" முள் அசைந்தது. அத்தானின் முகம் மலர்ந்தது.

"நீங்க விடற குறட்டைக்குக் கள்ளிச்செடியே முள்ளைக் கொட்டிட்டு ஓடிடும்."

"அத்தான், வாயை அடக்குங்க!" முள் இன்னும் ஏறியது.

அத்தான் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "அந்தக் குளிர் அறைப் பூவுக்கு இவ்வளவு ஆத்திரப்படறீங்களே, உங்க அக்கா பார்த்துட்டு வந்து சொன்னாப் போதாதா?"

அவ்வளவுதான். "போதாதாவா? அந்த அறைக்குக் குளிர் குடுக்கறதே நானு! எட்டிப் பார்த்தா கண்ணாடி மூடிக்குது, துடைச்சா 'கண்ணாடியத் தொடாதீங்க'ன்னு அதட்டறீங்க! நான் என்ன, பூவைக் கடிச்சுத் தின்னுடுவேனா? கண்டவனெல்லாம் பார்த்தான், நான் ஒருத்தன்தான் ஆகாதவனா?"

ஷீட் பலூனாகப் புடைத்தது. அத்தான் வெளியே நின்று குதித்தார். "ஏறுது! விடாதீங்க மாப்ளே, இன்னும் கத்துங்க!"

வால்வோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னடா இது, செடியோட குடித்தனமா? ஏங்க, அவனை ஏன் இப்படிக் கத்த விடறீங்க?"

"கத்தட்டும். மொட்டு பொழைச்சுடுச்சு."

ஃபிட்டர் ஷீட்டைக் கிழித்துக்கொண்டு எழுந்தார். வால்வைப் பொருத்திப் பாய்லரைக் கிளப்பினார்.

சாயங்காலம் மொட்டு விரிந்தது. உள்ளே கருஞ்சிவப்புப் பட்டு, நடுவே உலக்கை மாதிரி ஒரு தண்டு. அழகுக்குக் குறைவில்லை. நாற்றம்தான், செத்த எலிக்குத் திவசம் வைத்த மாதிரி. பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, மிஞ்சியது வீட்டார் மூன்று பேர்தான். ஃபிட்டர் தண்டைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"அத்தான், இது சுடுது!"

"ஆமா மாப்ளே. வாசனையைத் தூரத்துக்கு அனுப்பி வண்டைக் கூப்பிடணுமில்ல? அதுக்காகத் தானே சூடேத்திக்கும்."

"வாசனையாம்!" என்று அக்கா முணுமுணுத்தாள்.

"ஓகோ. இது சூடா இருந்தா ராஜமரியாதை. நான் சூடா இருந்தா வெளியே நில்லு."

அத்தான் இலை துடைக்கிற துணியை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மலைச்செடி அந்த வருஷம் பூத்தபோது அத்தானுக்கு அது வேலையில் கடைசி நாள். ஃபிட்டரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். முந்தின நாளே அறையின் குளிரைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தார். ஆணியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து ஃபிட்டருக்கு மாட்டிவிட்டார். அது அத்தான் அளவு. தொப்பை மேல் பொத்தான்கள் உயிரைக் கொடுத்துப் போராடின.

"எனக்குக் குளிரலையே அத்தான்."

"உங்களுக்கு இல்ல. உங்க சூடு வெளியே வராம இருக்க."

ஃபிட்டருக்குச் சுர்ரென்று வந்தது. அதற்குள் அத்தான் கதவைத் திறந்துவிட்டார். பச்சை மெத்தை மேல் நீலம் நீலமாக ஏதோ தெரிந்தது. அத்தான் ஒதுங்கி வழிவிட்டு, ஃபிட்டரின் முதுகில் கையை வைத்து மெல்லச் சொன்னார்:

"போங்க மாப்ளே. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. கோபம் மட்டும் படாதீங்க."