ராணியின் கன்னத்தில் ஒரு கட்டைவிரல்

பேய், சகுனம், திருஷ்டி, கனவில் வந்து சொல்வது, இதில் எதையும் நான் நம்பினதில்லை. நான் வேதியியல் படித்தவள். குன்னூரில் தேயிலைத்தூளைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. ஈரப்பதம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, கலப்படம் உண்டா இல்லையா என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது என் தொழில். அதனால் நீங்கள் சிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், சிரிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் நானே முதலில் சிரித்துப் பார்த்துவிட்டேன்.

வீடு அரவேணுவில். எங்கள் குடும்பத்தில் ஒரு வெள்ளி ரூபாய் உண்டு, விக்டோரியா ராணி தலை போட்டது. கீழிருந்து தோட்ட வேலைக்கு மலையேறி வந்த முதல் ஆள் அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் அந்தக் காசைப் போட்ட தண்ணீரில்தான் குளிப்பாட்டுவோம், மற்ற நாட்களில் அது தலைப்பிள்ளையின் பொறுப்பில் இருக்கும். அப்பா தலைப்பிள்ளை, அவருக்குப் பிறகு நான். "இது பெரியவளுக்கு" என்று அவர் சொல்வதைக் கேட்டே வளர்ந்தேன். அப்பா இறந்ததும் காசு அம்மாவின் பீரோவுக்குப் போனது. எனக்குத்தானே என்று நானும் கேட்கவில்லை.

தங்கை சுகன்யாவுக்கு எனக்கு முன்பே கல்யாணமாகி நடுவட்டத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே ரோட்டோரமாகத் தைலமும் டீத்தூளும் விற்கிற கடை. போன வருடக் கோடையில் அவள் குழந்தைக்குப் பெயர் வைத்தோம். குளிப்பாட்டி முடித்ததும் அம்மா தண்ணீரிலிருந்து காசை எடுத்துத் துடைத்து, எல்லோர் முன்னாலும் சுகன்யாவின் உள்ளங்கையில் வைத்து, "இனி இது உங்கிட்ட இருக்கட்டும் சாமி" என்றாள். என் பக்கம் திரும்பி, "நீ போட்டோ எடு கண்ணு" என்றாள். எடுத்தேன். சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன்.

சமையலறையில் அம்மா தனியாக இருந்தபோது, "அது எனக்குன்னு அப்பா சொன்னாரே" என்றேன்.

"சொன்னாருதான். உனக்கு எப்பக் கல்யாணமாகி எப்பக் கொழந்தை வர்றது கண்ணு? பீரோல சும்மா கெடக்கறதுக்கு அவகிட்ட இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கு முன்பாக அவளுக்குக் கிடைத்தவை நிறைய. கம்மல், கல்யாணம், தனி வீடு, குழந்தை. அவை எதுவும் என்னை இப்படிப் படுத்தவில்லை, நம்பினால் நம்புங்கள். ஆனால் இந்தக் காசு வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் கூடவே வந்தது. அவள் அதைக் கண்மை டப்பாவில், ஊக்குகளோடு போட்டு வைத்திருந்தாள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த டப்பாவைத்தான் தேடும், தொட மட்டும் மாட்டேன், தொட்டால் திரும்ப வைக்க வேண்டுமே. வெள்ளிக்கிழமைதோறும் விபூதி போட்டுத் துலக்குகிறேன் என்று அவள் பெருமையாகச் சொல்லும்போது, அது என் காசடி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இந்த வருடம் மழை விட்டதும் இருவரும் குழந்தையோடு அரவேணுவுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை டப்பாவை மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க, இந்த மாதிரிக் காசெல்லாம் லட்சக்கணக்குல போகுதுன்னு போன்ல வீடியோ போடறானுங்க. உங்க லேப்ல வெச்சுப் பாத்துச் சொல்லுங்க. நல்ல வெலைன்னா குடுத்துட்டுக் கடைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்றலாம்."

"வெலை போகலீன்னா?" என்று கேட்டேன்.

"போகலீன்னா எங்களுக்கு எதுக்குங்க, நீங்களே வெச்சுக்குங்க."

"யாவாரம் டல்லடிச்சா அடுத்தது பாப்பாவையும் லேப்புக்கு அனுப்புவாருங்கக்கா" என்றாள் சுகன்யா.

அதாவது விலைமதிப்புள்ளது என்றால் காசு குடும்பத்தை விட்டே போகும், மதிப்பில்லை என்றால் எனக்கு வரும். வாழ்க்கையில் முதல்முறையாக, சோதனைக்கு வந்த ஒரு பொருள் போலியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன்.

கையுறை போட்டுக்கொண்டேன், இடுக்கியால் விளிம்பைப் பிடித்தே எடுத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் தோல் அதன்மேல் படவே இல்லை. காந்தம் இழுக்கவில்லை. எடை, தேய்மானத்தைக் கழித்தால், இருக்க வேண்டிய அளவு. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டும் நிறுத்தேன், அடர்த்தி தூய வெள்ளிக்குச் சற்றுக் கீழே வந்தது, அந்தக் கால ரூபாய்க்கு அதுதான் சரி. ஆண்டு 1862 என்றிருந்தது. ஆனால் அதே ஆண்டைப் போட்டுப் பிறகும் பல வருடம் அச்சடித்திருக்கிறார்கள், பின்பக்கப் புள்ளிகளைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள், எங்கள் காசில் அந்தப் புள்ளிகளே தேய்ந்திருந்தன. அசல்தான். ஆனால் விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு, அதற்கு மேல் சுகன்யாவின் விபூதி ராணியின் முகம் முழுக்கப் போட்ட மெல்லிய கீறல்கள். இப்படித் துலக்கிய காசைச் சேகரிப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். ஒரு பொய்யும் சொல்லாமல் காசு எனக்கே வரப்போகிறது. கண்ணாடித் தட்டில் வைத்து மூடி, அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டபோது பாட்டு முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு, ஆய்வகம் விடுமுறை. திங்கள் காலை நல்ல வெயிலில் அலமாரியைத் திறந்தேன். ராணியின் கன்னத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

வியர்வை பட்டால் வெள்ளி கறுக்கும், அது எனக்குத் தெரியாததா. ஆனால் யாருடைய வியர்வை? லென்ஸை வைத்துப் பார்த்தேன். ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு கோடு ஓடியது. மழைக்காலத்தில் கண்ணாடிப் பிப்பெட் உடைந்து என் வலது கட்டைவிரலைக் கிழித்திருந்தது, தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. விரலைப் பக்கத்தில் வைத்தேன். அதே சாய்வு, அதே நீளம்.

கையுறையில் ஓட்டை இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர், இவற்றில் போட்டதும் கறுப்பு போய்விட்டது. புது பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை ஊட்டி வழியாக நடுவட்டத்துக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்க எப்படிச் சொல்வது, எப்படி வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொள்வதுபோல் வாங்கிக்கொள்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கடையில்தான் இருந்தார்கள். பையைப் பிரித்தவள் சுகன்யா.

"என்னக்கா, ராணியம்மாவுக்கு யாரோ மை தடவி உட்ருக்காங்க."

எட்டிப் பார்த்தேன். அதே இடத்தில் அதே விரல். அவள் முந்தானையால் தேய்த்தாள், போகவில்லை. காசையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது உங்க வெரலுங்கக்கா, இந்தத் தழும்பு பாருங்க. வேணும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டீதுதான, முத்திரை குத்தித்தான் கொண்டாரோணுமா?" என்று சிரித்தாள்.

மாப்பிள்ளை விலை கேட்டார், சொன்னேன். "அட போங்க, ஃப்ரிட்ஜ் கதவுக்குக்கூட ஆகாது போல. நீங்களே வெச்சுக்குங்க."

சுகன்யா காசை உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டினாள். இப்போது சிரிக்கவில்லை. "எடுத்துக்குங்கக்கா. அப்பா உங்களுக்குன்னுதான சொன்னாரு. அம்மா குடுத்த அன்னிக்கே எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு."

இவ்வளவு நாள் நான் காத்திருந்தது அந்தக் கைக்குத்தான். ஆனால் அந்தக் கறுப்பு விரல் மேலே பார்த்தபடி இருந்தது, எனக்கு முன்பே யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு வைத்ததைப் போல. என் கை நீளவில்லை.

"பாப்பாகிட்டயே இருக்கட்டும்" என்றேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், அவள் கையை அப்படியே முன்பும் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. போனை எடுத்து, பெயர் வைத்த அன்று நான் எடுத்த படத்தைத் தேடினேன். சுகன்யாவின் விரிந்த உள்ளங்கை, நடுவில் காசு. பெரிதாக்கினேன். ராணியின் கன்னத்தில் விரல் இருந்தது.

நிழலாக இருக்கும் என்கிறார் கூட வேலை செய்பவர். இருக்கலாம். கணினியில் போட்டும் பார்த்தேன். சுகன்யா இன்றைக்கும் வெள்ளிதோறும் விபூதி போட்டுத் தேய்க்கிறாள், போக மாட்டேன் என்கிறது என்று போனில் சொல்கிறாள். படத்தை நான் அழிக்கவில்லை. அதில் ரேகைகளுக்குக் குறுக்கே அந்தச் சாய்ந்த கோடும் தெளிவாகத் தெரிகிறது. பிப்பெட் உடைந்தது இந்த வருட மழையில். படம் எடுத்த அன்று என் விரலில் ஒரு கீறல்கூடக் கிடையாது.