ஸுமைரா போடாத வாக்கு

வாக்களிப்பு முடிய நாற்பது நிமிடம்தான் இருந்தது. கடுகண்ணாவையில் மலைச்சரிவில் கட்டியிருந்த அந்தப் பாடசாலையின் படிக்கட்டுக்குக் கீழே, சக்கர நாற்காலியில் ஸுமைரா உட்கார்ந்திருந்தாள். வாக்களிப்பு நிலையம் மேலே. இருபத்திரண்டு படிகள்.

பஸ் விபத்தில் முதுகெலும்பு முறிந்து பதினொரு வருடம். வீட்டிலிருந்தே அபாயா தைத்துக் கொடுக்கிறாள். போன தேர்தலில் நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிப் போனபோது பாதியில் ஒருவரின் கை வழுக்கியது. விழவில்லை. ஆனால் வரிசையில் நின்றவர்கள் பார்த்திருக்க, நாற்காலியை இறுகப் பிடித்திருந்த அவளுக்கு, விலகிய உடுப்பை இழுத்துவிடக்கூடக் கை இருக்கவில்லை. இம்முறை ஆறு வாரம் முன்பே, படியில்லாத இடம் கேட்டுத் தேர்தல் அதிகாரிகளுக்கு எழுதினாள். ஒழுங்கு செய்வதாகப் பதில் வந்தது. வந்து பார்த்தால், தூக்குவதற்கு நாலு ஆண்கள் நின்றார்கள்.

"தூக்க வேணாம்," என்றாள்.

அண்ணன் நஸீப் குனிந்தான். "இன்னைக்கு மட்டும் பிடிவாதத்த விடு. ரெண்டு நிமிஷ வேல."

"அடுத்த முறையும் இதத்தான் சொல்லுவீங்க நானா."

பொறுப்பதிகாரி இறங்கி வந்தார். பெட்டியைக் கீழே கொண்டுவரச் சட்டம் விடாது என்று சிங்களத்தில் சொன்னார். அவளும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள்: பெட்டி வேண்டாம், படிக்கட்டு இருப்பதால் வாக்களிக்க முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

அவர் மேலே போய்விட்டார். நஸீப் தள்ளிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எழுதித் தராவிட்டால் வாக்கும் இல்லை, அத்தாட்சியும் இல்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பொறுப்பதிகாரி கடதாசியோடு இறங்கி வந்தார். 'வாக்காளர் உதவியை மறுத்தார்' என்றிருந்தது. திருப்பிக் கொடுத்தாள்.

"நான் மறுக்கவில்லை. வழி இல்லை."

அவர் படிகளை ஒருமுறை பார்த்தார். வரியை வெட்டினார். அவள் சொன்னபடி எழுதிக் கையெழுத்திட்டார். மேலே கதவு மூடப்பட்டது. வீடு திரும்பும் வழி முழுக்க ஸுமைரா அழுதாள்.

கண்டியிலுள்ள மாற்றுத்திறனாளிகள் சங்கம் அந்தக் கடதாசியோடு முறைப்பாடு செய்தது. ஐந்து மாதம் கழித்து கொழும்பில் விசாரணை.

"நாலு பேர் உதவிக்கு வந்தும் வாக்கை வீணாக்கினீர்களே?" என்று தேர்தல் அதிகாரிகள் தரப்பு வழக்கறிஞர் கேட்டார்.

"அந்த நாலு பேரும் யார் தோளிலும் ஏறிப்போய் வாக்குப் போடவில்லையே, சேர்."

அவர் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார்.

அடுத்த தேர்தலில் அந்த வாக்களிப்பு நிலையம் வீதியோரத்தில் படியில்லாத மண்டபத்துக்கு மாறியது. படி இருப்பதாகச் சங்கம் முறைப்பாட்டில் பெயர் கொடுத்த ஒன்பது இடங்களில் மாறியது மூன்றுதான். காலையிலேயே வாக்குப் போட்டுவிட்டு, மற்ற ஆறு இடங்களின் படிகளைப் படமெடுக்க ஸுமைரா நஸீபின் ஆட்டோவில் ஏறினாள்.