மறை என்னும் பொத்தான்

அழிக்க ஒரு பொத்தான், மறைக்க ஒரு பொத்தான். இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டு வருடம் நான் மறைப்பதையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஜோகூரில் எழுதுகிறவர்களுக்காக நானும், ஸ்கூடாயில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் நண்பரும் இணையத்தில் ஒரு கவிதைப் பக்கம் நடத்தினோம். சிங்கப்பூர் பஸ்ஸுக்கு நின்றபடி, செம்பனை லோரிக்குப் பின்னால் ஊர்ந்தபடி, கேண்டீனில் சோறு ஆறுவதற்குள் நாலு வரி எழுதுகிறவர்கள் எங்கள் ஆட்கள். அப்படி வந்தவர்தான் அந்தப் பெண். சாஆ என்கிற சிற்றூருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், இங்கே தொழிற்சாலையில் வேலை. கணவரை விட்டு வந்ததை ஒளிக்காமல் எழுதினார். எழுதியதைத் தானே வாசித்துக் காணொளியாக எங்கள் பக்கத்தில் போடுவார். பின்னால் துணி காயும், மின்விசிறி சுற்றும், குரல் மட்டும் எதற்கும் அசையாது. அந்தக் குரலைக் கேட்டபின் நான் எழுதியதெல்லாம் கடனே என்று எழுதியதாகத் தோன்றும்.

அந்தக் காணொளிகளுக்குக் கீழே ஒருவன் எழுத ஆரம்பித்தான். சொந்தப் பெயரில், தேவாலய வாசலில் எடுத்த படத்தோடு. ‘புருஷன விட்டவளுக்குக் கவிதை ஒரு கேடா’ என்பது அவன் எழுதியதிலேயே மரியாதையானது. பின்னாலேயே நாலைந்து பேர், சிரிக்கும் பொம்மைகளோடு.

ஏச்சு வார்த்தைகளைப் பட்டியலாகக் கொடுத்தால் பக்கத்தில் உள்ள கருவியே பிடித்து மறைத்துவிடும். கொடுத்தேன். கவிஞன் என்று சொல்லிக்கொள்கிற நான், விடிந்தும் விடியாமலும் உட்கார்ந்து, ஒரு பெண்ணை ஏசத் தமிழிலும் மலாயிலும் எத்தனை சொல் உண்டோ அத்தனையும் தட்டினேன். அந்த வருடம் நான் எழுதியதில் நீளமானது அதுதான். அவனோ கெட்ட வார்த்தையே இல்லாமல் ஏசத் தெரிந்தவன். அதனால் கையாலும் மறைத்தேன்.

“அழிச்சே போட்டுடலாமே,” என்று நண்பரிடம் கேட்டேன்.

“அழிச்சா அவனுக்குத் தெரிஞ்சிடும் லா. என் சம்சாரத்துக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். அடுத்த மாசம் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துல ஒரே மேசைல உட்காரணும். மறைச்சா மத்தவங்களுக்குத் தெரியாது, அவன் போட்டது அவனுக்கு மட்டும் அப்படியே தெரியும், சண்டைக்கு வர மாட்டான்.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஏசியவனின் முகம் கோணாமல் ஏச்சை ஒழிப்பது. மறைத்தவை என் திரையில் சாம்பலாய் மங்கும். மங்கியது செத்தது என்று நம்பினேன். ‘ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் சுத்தம், நீங்க எழுதுங்க’ என்று அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். அவரும் எழுதினார்.

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து அவர் நேராக நண்பரின் கடைக்கு வந்தார். கையில் கூட வேலை செய்யும் பெண்ணின் போன். மேசையில் வைத்தார். அவருடைய கவிதை. அதன் கீழே, சாம்பலாய் இல்லை, நல்ல கறுப்பில், ஒன்றுவிடாமல் அத்தனையும்.

நண்பர் வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “மறைச்சாலும் அவனோட ஃப்ரெண்டுங்களுக்குத் தெரியும் போல,” என்றார் மெதுவாக.

அவனுடைய நண்பர்கள். இந்த ஊரில் யார் யாருக்கு நண்பர் இல்லை? தேவாலயம், தொழிற்சாலை, குடியிருக்கும் தாமான், அந்தப் பெண்ணின் அக்காள் வீடு, எல்லாரும் அவனுக்கு நண்பர்கள். அவர் ஒருவர்தான் இல்லை.

“நான் கேண்டீன்ல போய் உட்கார்ந்தா பேச்சு நின்னுடும் அண்ணே,” என்றார். “கவிதை எழுதற பொம்பளைன்னு மரியாதை குடுக்கறாங்கன்னு நெனச்சேன். எனக்கு மட்டும் தெரியாம பார்த்துக்கிட்டீங்க.”

“எங்களுக்கே தெரியாதும்மா,” என்றேன். நண்பர் குறுக்கே வந்து, சொந்தக்காரன், அப்போது ஒரு கல்யாணத்தில் ஒரே மேசையில் உட்காரவேண்டியிருந்தது என்று ஏதேதோ சொன்னார்.

“கல்யாணச் சாப்பாடு நல்லாருந்துச்சா?” என்று கேட்டார் அவர்.

அன்று மாலைக்குள் தன் காணொளிகளை எல்லாம் எடுத்துவிட்டார். அதன்பிறகு நாங்கள் அவனைப் பக்கத்திலிருந்து துரத்தினோம். வேறு பெயரில் வந்தான். அதையும் துரத்தினோம், இன்னொரு பெயர். இப்போது மறைப்பதே இல்லை, அழிக்கிறேன். அழிக்க அழிக்க, யாருக்காக அழிக்கிறேன் என்பதும் அழிந்துகொண்டே போகிறது. அவர் இல்லாத பக்கத்தில் அவரைப் பற்றித்தான் இன்னும் எழுதுகிறார்கள்.

போன மாதம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் போடவேண்டாம், சும்மா எழுதவாவது செய்கிறீர்களா என்று கேட்டேன்.

“உட்கார்ந்தா முத வரி வரமாட்டேங்குது அண்ணே. கீழ என்ன எழுதுவாங்கங்கறதுதான் முதல்ல வருது.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.