இடம் மாறிய காவல் கொட்டில்

காலை பத்து மணி. அக்கராயன் வயலில் வெட்டு மெசின் இரண்டாம் சுற்று வந்துகொண்டிருந்தபோது, முத்துலிங்கத்தின் மனைவி ராஜினி வரம்பால் ஓடிவந்து சிற்றம்பலம் அண்ணை காலமான செய்தியைச் சொன்னாள். நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். முத்துலிங்கம் மெசினை நிறுத்தச் சொன்னார். அங்கே வெட்டப்பட்டுக்கொண்டிருந்த நெல்லே சிற்றம்பலம் காப்பாற்றிக் கொடுத்ததுதான்.

போன மாதம் கதிர் பால் பிடித்த நாளிலிருந்து காட்டுப்பன்றிகள் அந்த வயலை உழுதுகொண்டிருந்தன. இன்னும் ஒரு கிழமை விட்டால் வைக்கோல்கூட மிஞ்சாது. ஊரில் அனுமதி பெற்ற துவக்கு ஒன்றுதான். அது சிற்றம்பலத்திடம் இருந்தது. மனிதர் கேட்டவுடன் வந்தார். பொழுதுபட, வயலின் காட்டோரத்தில் நின்ற காவல் கொட்டிலில் ஏறிக் குந்தினார். பன்றியும் வந்தது. வெடிதான் வரவில்லை.

"அண்ணை, உங்கட துவக்கு மௌனவிரதமோ?" என்றார் முத்துலிங்கம்.

"முகத்தைக் காட்டிக்கொண்டு வாறதுக்கு வெடி வைக்கேலாதடா. மண்டையில பட்டு வழுக்கினா, காயத்தோட காட்டுக்க போய்க் கிடந்து கிடந்து சாகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"அப்ப என்ர நெல்லு பாவமில்லையோ?"

அடுத்த நாள் பன்றி நன்றாக விலாவைக் காட்டித் திரும்பி நின்றது. சிற்றம்பலம் துவக்கை உயர்த்தி, உடனே இறக்கினார். பன்றிக்குப் பின்னால், தூரத்து வரம்பில், தேத்தண்ணிப் போத்தலோடு ராஜினி வந்துகொண்டிருந்தாள்.

"நல்ல காலம், பன்றி இவளைக் காணேல்லை. கண்டிருந்தா வெடியில்லாமலே ஓடியிருக்கும்," என்றார் முத்துலிங்கம்.

"ஓம், உங்களைக் கண்ட அண்டைக்கே நானும் ஓடியிருக்க வேணும்," என்றாள் ராஜினி.

மறுநாள் விடிய, சிற்றம்பலம் துவக்கை வீட்டில் விட்டுவிட்டுக் கத்தியோடு வந்தார். கேளாமல் கொள்ளாமல் கொட்டிலின் கூரையைப் பிரிக்கத் தொடங்கினார். முத்துலிங்கம் தலையில் கைவைத்தார்.

"எல்லாரும் விடுற பிழைதான். காட்டுக்கு நேர் முன்னால கொட்டிலைக் கட்டிப்போட்டு, பன்றி விலாவைக் காட்டேல்லை எண்டு கோவிக்கிறியள். வந்து இந்தத் தடியைப் பிடி."

பின்னேரத்துக்குள் கொட்டில் தென்கரைக்கு மாறியது. இப்போது பன்றி வரும் தடம் கண்முன்னே குறுக்காகக் கிடந்தது. அதற்கப்பால் வெறும் குளக்கட்டு; வெடி தவறினாலும் மண்ணில்தான் படும். சிற்றம்பலம் துவக்கை எடுத்துவந்து ஏறினார். பொழுது சாய, பெரிய ஆண்பன்றி ஒன்று தனியாக வந்தது.

"வையுங்கோ அண்ணை, வையுங்கோ!" என்று முத்துலிங்கம் முழங்கையால் இடித்தார்.

சிற்றம்பலம் அசையவில்லை. பன்றி நடந்தது, நின்றது, மண்ணை மோந்தது. முன்னங்காலை எட்டிவைக்க, அதன் பின்னால் நெஞ்சு தெரிந்தபோது வெடி கேட்டது. பன்றி நின்ற இடத்திலேயே சரிந்தது. ஒரு கத்தல் இல்லை. மூச்சு அடங்கிவிட்டதென்று கண்ட பிறகே அவர் கீழே இறங்கினார்.

அதற்குள் வெடிச்சத்தம் கேட்ட வீடுகளெல்லாம் சட்டியோடு வந்துவிட்டன. வந்தவருக்கெல்லாம் பங்கு. வெடி வைத்தவருக்கென்று ஈரலை நீட்டினார்கள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் மரக்கறி," என்றார் சிற்றம்பலம்.

மற்றவர்களுக்கு அப்போதுதான் கிழமை ஞாபகம் வந்தது. ஆனாலும் ஒரு சட்டிகூட வெறுமையாகத் திரும்பவில்லை.

அதன்பிறகு பன்றிகள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. சிற்றம்பலத்தின் செத்தவீடு முடிந்த மறுநாள் மிச்ச வயலையும் வெட்டி, மூட்டைகளை வீடு சேர்த்தார்கள். கொட்டில் தென்கரையிலேயே நிற்கிறது. இடம் மாற்றிய அன்று கூரையின் மேற்குப் பக்கத்துக்கு ஓலை போதவில்லை; மிச்சத்தைத் தானே வந்து வேய்ந்து தருவதாகச் சிற்றம்பலம் சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் இன்னும் வேயவில்லை.