ராய்ஸ் ஷ்ராக் உதவிப்பணம் கேட்டு வந்த கதை

போனில் நடக்கும் விசாரணைக்கு டை கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒரே ஆள் எங்கள் ஊரில் ராய்ஸ் ஷ்ராக்தான். நீதிபதிக்கு முகம் தெரியாது, தலை தெரியாது. இருந்தாலும் தண்ணீர் தொட்டுத் தலை வாரிக்கொள்வான்.

இந்தியானா மாநிலத்தின் வடக்கு மூலையில், படுக்கையும் அடுப்பும் வைத்த சுற்றுலா வண்டிகளைக் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் அவன் ஆளெடுப்புப் பிரிவுக்குப் பொறுப்பு. வேலை போனவர்களுக்கு மாநில அரசு கொடுக்கும் உதவிப்பணத்தைக் கிடைக்காமல் செய்வதில்தான் அவனுக்கு ருசி. அந்தப் பணத்தை எவ்வளவு பேர் வாங்குகிறார்களோ அதற்கேற்பக் கம்பெனி கட்டும் வரி ஏறும். ஆட்குறைப்பில் போனவர்களை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒழுங்கை மீறி வேலை இழந்தார்கள் என்று காட்டிவிட்டால் சல்லிக்காசு கிடையாது. அதனால் ராய்ஸ் தப்புகளைத் தேடினான். அகப்படாதபோது தானே இட்டுக்கட்டினான்.

திரைச்சீலை தைக்கும் பகுதியில் என் பக்கத்து மேஜை டார்லா நோவாக்குடையது. ஆஸ்பத்திரியில் கிடந்த புருஷனைப் பற்றி அழைப்பு வந்தது என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். வேலை நேரத்தில் போன் எடுத்தாள் என்று அன்று சாயங்காலமே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். உதவிப்பணத்துக்கான போன் விசாரணையில் ராய்ஸ் சத்தியம் செய்துவிட்டு, இதற்கு முன்பே இரண்டு முறை எழுத்தில் எச்சரித்திருந்தோம் என்றான். அவளை யாரும் எச்சரித்ததே இல்லை. அவன் சொன்ன தேதிகளில் ஒன்றில் பனிப்புயலுக்காகத் தொழிற்சாலையே மூடிக்கிடந்தது. டார்லாவுக்கு அது உறைத்தபோது தீர்ப்பும் வந்து, மேல்முறையீட்டுக் கெடுவும் போய்விட்டது.

“அந்தம்மா இனிமே போனை வீட்டுலயே வச்சுட்டு வரும்” என்று சாப்பாட்டுக் கடையில் எங்கள் தொழிற்சாலை மேனேஜரிடம் சொல்லிச் சிரித்தான் ராய்ஸ். வாயில் பன்றி இறைச்சி சாண்ட்விச்.

பிறகு வண்டி விற்பனை படுத்தது. எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்குப் பொது நூலகத்தில் வேலை கிடைத்தது. முன்மேஜையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் உதவிப்பணத்துக்குப் பதிவு செய்ய வருகிறவர்களுக்கு வழிகாட்டுவேன். அடுத்த குளிர்காலத்தில் கம்பெனி ராய்ஸையும் வெளியே தள்ளியது. ஆட்குறைப்பு என்று சொன்னால் வரி ஏறுமே. கம்பெனி வண்டியில் தன் மீன்பிடிப் படகை ஏரிக்கு இழுத்துப் போனான் என்று காரணம் காட்டினார்கள். இழுத்துப் போனது உண்மைதான். எல்லா அதிகாரிகளும் அந்த வண்டியை எடுத்தார்கள். மேனேஜரே அவனிடம் சாவியைத் தூக்கிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நூலகத்துக்கு வந்தான்.

“மாவிஸ், ஒரு கம்ப்யூட்டர் வேணும்.”

“உதவிப்பணத்துக்கா?”

“மெதுவா பேசு.”

“எதுக்கு மெதுவா? வரிசைல நிக்கிற அத்தனை பேரும் அதுக்குத்தான் நிக்கிறாங்க. போய்க் கடைசில நில்லு.”

“நான் இவங்க மாதிரி இல்ல. இது நான் உழைச்சுக் கட்டின பணம்.”

“தொழிலாளி ஒரு காசும் கட்டறதில்ல, கம்பெனிதான் கட்டுதுன்னு டார்லாவுக்குப் பாடம் எடுத்தியே, அது நீதான?”

வரிசைக் கடைசியில் போய் நின்றான். நின்ற இடத்திலும் சும்மா இல்லை. முன்னால் நின்ற பையன் கையில் பச்சை குத்தியிருந்ததைப் பார்த்து, இதற்கெல்லாம் காசு இருக்கிறது என்று முணுமுணுத்தான்.

முதல் முடிவு அவனுக்கு எதிராக வந்தது. மேல்முறையீடு செய்தான். விசாரணைக்கு முந்தின வாரம் என் மேஜைமேல் கைகளை ஊன்றிக்கொண்டு குழைந்தான்.

“மேனேஜர் சாவி குடுத்தத நீ பாத்திருக்க. ஒரு வார்த்த சொன்னா போதும், மாவிஸ்.”

“சொல்றேன். உண்மைதான, எதுக்கு மறைக்கணும்? ஆனா வாயத் தொறந்தேன்னா டார்லாவோட எச்சரிக்கைக் காகிதத்தப் பத்தியும் சேத்துத்தான் சொல்வேன்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீதிபதி நிறுத்திடுவாங்க.”

“நிறுத்தட்டும். அதுக்குள்ள பதிவாயிடும்ல.”

அவன் கைகளை எடுத்துக்கொண்டான். “நீ வர வேணாம்” என்றான்.

விசாரணைக்கு நூலகத்தின் கண்ணாடி அறையைக் கேட்டு வாங்கினான். டை கட்டியிருந்தான். கதவைச் சரியாகச் சாத்தாமல் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். கம்பெனிப் பக்கம் பேசியது பிரைஸ் என்ற பொடியன். ராய்ஸுடைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன். ராய்ஸ் பேசுகிற அதே தேன் குரலில் விதிப்புத்தகத்தை வாசித்தான்.

நீதிபதியம்மா கேட்டார்: “மேனேஜர் அனுமதிச்சாருன்னு சொல்றீங்க, மிஸ்டர் ஷ்ராக். அதப் பாத்தவங்க யாராவது இருக்காங்களா?”

ராய்ஸ் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். எழுந்து போக எனக்குப் பத்தடிகூட இல்லை. அவன் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.

“யாரும் இல்லீங்கம்மா” என்றான்.

பணம் கிடைக்கவில்லை. அவனுக்காக வருத்தப்பட முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை. சாப்பாட்டுக் கடையில் அவன் பேசியது காதில் விழுந்தபோது அந்த முயற்சியையும் விட்டேன்.

“இந்த அரசாங்கம் சோம்பேறிக்குத்தான் குடுக்கும். ஒழுங்கா உழைச்சவனுக்குக் குடுக்காது.”

கோடையில் அவனுக்கு ஃபோர்ட் வெய்ன் நகரத்தில் வேலை கிடைத்தது. கம்பெனிகளிடம் கூலி வாங்கிக்கொண்டு, அவர்கள் வேலையைவிட்டு அனுப்பிய ஆட்களின் உதவிப்பண மனுக்களைத் தோற்கடித்துக் கொடுக்கும் நிறுவனம். முன்பு ஒரு தொழிற்சாலைக்குச் செய்ததை இப்போது நாற்பதுக்குச் செய்கிறான். கடவுள் கைவிடவில்லை என்று அவன் மனைவி வானெட்டா தேவாலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள்.

புருஷனின் மருந்துச் சீட்டை அச்செடுக்க வந்த டார்லாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அவனுக்கு வேற என்ன தெரியும்?” என்றாள். “பிரிண்டர்ல பேப்பர் தீந்துபோச்சு மாவிஸ், கொஞ்சம் போட்டுவிடு.”